தூக்குறது ஈஸி மச்சான்..!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அஞ்சரை மணிக்கு ஈ.சி.ஆர். பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? உத்தண்டி டோல்கேட் தாண்டினதுமே ஒரு திருவிழா மூடு வந்துடும். உப்புக்காத்து, சவுக்குத் தோப்பு, கொஞ்சம் போனா முட்டுக்காடு காயல். டீக்கடை வாசல்ல வரிசையா டியூக், ஆர்15, டொமினார்னு நிக்கும். கையில இஞ்சி டீ, பெட்ரோல் டேங்க் மேல கேமரா ஒட்டின ஹெல்மெட். பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான்... யார் எவ்வளவு நேரம் தூக்கினான்?

தூக்குறதுன்னா முன் வீலை. வீலிங்!

அந்த டீக்கடை கும்பலில் நானும் ஒருத்தன். ஆனா ஓட்டுற ஆள் இல்லை, கேமராமேன். இன்னொரு பைக்கில் பில்லியனா உட்கார்ந்து, ஒரு கையால் பின் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால் போனில் வீடியோ எடுக்கிறவன். ஹீரோ என் ரூம்மேட். பேரு வேண்டாம், 'மச்சான்'னே வெச்சுக்குவோம். அவங்க அப்பா சொசைட்டி லோன் போட்டு வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் டியூக் 390. 373 சி.சி., கிட்டத்தட்ட 43 குதிரைசக்தி. எங்க அப்பா காலத்து ஆர்.எக்ஸ்.100 வெறும் 11தான். அதுலயே அந்தக் காலத்து அண்ணன்கள் தூக்கிக் காட்டினாங்கன்னா, இதை யோசிச்சுப் பாருங்க.

ஒரே ஒரு தடவை அவன் பின்னால் உட்கார்ந்து நானும் தூக்கப்பட்டிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன்... செம! ஒரு செகண்ட் ரோடு இருக்கு, அடுத்த செகண்ட் ரோடு இல்லை. கண் முன்னால் வெறும் வானம். வயித்துக்குள்ள ஜிவ்வுனு ஏதோ ஏறும். காதில் சைலன்சர் அலறும். ராட்டினத்தில் உச்சிக்குப் போய் நிக்கும்போது வருமே, அதே ஃபீலிங். ஆனா ராட்டினத்தை யாரோ ஓட்டுறாங்க. இங்கே நம்ம ஆளே ஓட்டுறான். அந்த கெத்து இருக்கே... வீல் தரையைத் தொட்டு அஞ்சு நிமிஷம் ஆகியும் என் கை நடுங்கிக்கிட்டே இருந்தது. 'இன்னொரு வாட்டி'ன்னு நான்தான் கேட்டேன்.

போன ஜனவரியில், கோவளம் தாண்டி ஒரு நேர் ரோட்டில், அதே 'இன்னொரு வாட்டி'.

முதல் ரெண்டு டேக்கும் ஷேக் ஆயிடுச்சுன்னு நான் கத்தினேன். மூணாவது டேக்கில் முன் வீல் வழக்கத்தைவிட உயரமாப் போச்சு. கீழே வந்தப்போ நேரா இறங்கலை, லேசா கோணலா இறங்குச்சு. ஹேண்டில் பாம்பு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறினதை வீடியோவில் இப்பவும் பார்க்கலாம். மச்சான் ரோட்டில் உருண்டான். ஹெல்மெட் தலையைக் காப்பாத்துச்சு. காரை எலும்பும் வலது மணிக்கட்டும் போச்சு.

நாங்க யோசிக்காத ஒண்ணு இருந்தது. ஆள் விழுந்ததும் பைக் நிக்கலை. 160 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி, ஆளே இல்லாம தனியா வழுக்கிக்கிட்டுப் போய், ரோட்டோரம் இளநீர் அடுக்கிக்கிட்டிருந்த ஒரு தாத்தாவின் காலில் முட்டி நின்னுச்சு.

தாத்தாவுக்குத் தொடை எலும்பு. கம்பி வெச்சாங்க. செலவை மச்சானோட அப்பா ஏத்துக்கிட்டார், லோன் மேல லோன் போட்டு. கேஸ் இன்னும் நடக்குது.

அப்புறம் பைக்கை எடுத்துக்கிட்டுப் போனப்போ மெக்கானிக் அண்ணன் எங்களைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது. ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, பொறுமையா ஒவ்வொண்ணாக் காட்டினார். "பிரேக்ல பாதிக்கு மேல வேலை பார்க்கிறது முன் வீல்தான்ப்பா. திருப்புறதும் அதுதான். ரெண்டையும் ஆகாசத்துல வெச்சுட்டா, நாய் குறுக்க வந்தா என்ன பண்ணுவே? பின் பிரேக்கை மிதிச்சு இறக்கலாம். மிதிக்கிறதுக்குள்ள எவ்வளவு தூரம் போயிருப்பே?" நான் கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல். எங்க கிளாஸ் ரூமைவிட நீளம்.

கோன் செட் தேஞ்சு கிடந்தது. ஃபோர்க் ஆயில் சீல் ரெண்டும் லீக். தூக்கித் தூக்கிப் போட்டதில் வந்தது அது, விழுந்ததில் வந்தது இல்லை. வண்டி நட்டுக்குத்தலா நிக்கும்போது இன்ஜின் ஆயில் எல்லாம் பின்பக்கம் ஓடிடும், பம்ப் காத்தை உறிஞ்சும், மேல இருக்கிற கேம் ஷாஃப்ட் ஆயில் இல்லாம காயும்னு அவர் சொன்னப்போ, பி.இ. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நாங்க ரெண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

எட்டு மாசம் கழிச்சு மச்சான்தான் ஆரம்பிச்சான். "இருங்காட்டுக்கோட்டை போலாமாடா? நேஷனல் ரேஸ் ஒரு ரவுண்டு நடக்குது." கட்டு பிரிச்ச கை இன்னும் முழுசா மடங்கலை. அதனால் என் சித்தப்பாவோட ஸ்கூட்டி. நான் ஓட்ட, ஹீரோ பில்லியன்!

போரூர் தாண்டி மெட்ரோ தூண்களுக்கு அடியில் ஊர்ந்து, பூந்தமல்லி, நசரத்பேட்டை, இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி... இது பெங்களூரு நெடுஞ்சாலை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் ஃபேக்டரியால் ஊருக்கே தெரிஞ்ச பேரு. ஆனா ஃபேக்டரிக்கு முன்னாடியே, 1990ல் அங்கே ரேஸ் ட்ராக் வந்தாச்சு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இப்போ 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்'னு பேர் மாத்தியிருக்காங்க.

இதே நெடுஞ்சாலையில் நேரா போய்க் காஞ்சிபுரத்தைத் தாண்டினா தாமல் வரும். 2023 செப்டம்பரில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் ஹயபுசாவில் வீலிங் செய்யப் போய்த் தூக்கி எறியப்பட்டது அங்கேதான். அந்த வீடியோவை நீங்க நூறு தடவை பார்த்திருப்பீங்க. 1,340 சி.சி. வண்டி அந்தரத்தில் பல்டி அடிக்கும். ஆள் பிழைச்சார், கையில் எலும்பு முறிவு. கைது, ஜெயில், லைசென்ஸ் பத்து வருஷத்துக்கு ரத்து. ஜாமீன் மனு விசாரணையில், அந்த பைக்கை எரிச்சிடணும்னு உயர் நீதிமன்ற நீதிபதி காட்டமாகச் சொன்னது எல்லா பேப்பரிலும் வந்தது. எனக்கு அந்த வீடியோவில் வேற ஒண்ணுதான் தெரியுது. அவர் உடம்பு முழுக்க ரைடிங் சூட். மச்சான் போட்டிருந்தது காலேஜ் சிம்போசியத்தில் கொடுத்த டி-ஷர்ட்.

வண்டி ஓட்டிக்கிட்டே பேசினதில் 'வலிமை'யும் வந்தது. 2022ல் ரிலீஸ் ஆன படம். அதுக்கு முன்னாடி விட்ட மேக்கிங் வீடியோவில் அஜித் முன் வீலைத் தூக்கி, பேலன்ஸ் போய்க் கீழே விழுவார். நிஜ ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பழகின மனுஷன், சுத்தி யூனிட் ஆட்கள், உடம்பில் பாதுகாப்புக் கவசம். அப்படியும் விழுந்தார். "நாம அதைப் பார்த்துட்டு 'தல எந்திரிச்சாரு பாரு'ன்னுதானேடா கைதட்டினோம்?" என்றான் மச்சான். ஆமாம், விசில்கூட அடிச்சேன்.

ட்ராக்கில் வெயில் கொளுத்துச்சு. டயர் கருகுற வாசனை, பெட்ரோல் வாசனை, பரோட்டா வாசனை எல்லாம் கலந்து ஒரு மாதிரி மயக்கம். நாங்க நினைச்சுக்கிட்டுப் போனது, ஒவ்வொருத்தனும் தூக்கித் தூக்கி ஓட்டுவான்னு. ஸ்டார்ட்டில் சிவப்பு விளக்குகள் அணைஞ்சதும் ஒரு வண்டியின் முன் வீல் ஒரு அடிக்கு எழும்புச்சு. நான் "ஏய்ய்ய்"னு கத்திட்டேன். பக்கத்தில் நின்ன ஒரு வயசான அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். முதல் வளைவு வர்றதுக்குள்ள அந்தப் பையனை மூணு பேர் தாண்டிட்டாங்க.

அவர் சோழவரம் காலத்து ரசிகராம். ரெண்டாம் உலகப் போர் சமயத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம். வைக்கோல் கட்டு அடுக்கி வேலி போட்டிருப்பாங்களாம். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த கதையை அரை மணி நேரம் சொன்னார். அதுக்கு நடுவில்தான் இதையும் சொன்னார்: "ரேஸ்காரனுக்கு வீலிங் ஆகாதுப்பா. முன்னாடி தள்ள வேண்டிய சக்தி மேல தூக்குறதுக்குப் போயிடும். பாரு, எல்லாரும் டேங்க் மேல நெஞ்சை வெச்சு முன்பக்கத்தை அமுக்கிக்கிட்டுப் போறான்." நிஜம்தான். மோட்டோ ஜிபி வண்டியில் முன் வீல் எழும்பினா கம்ப்யூட்டரே பவரைக் குறைச்சு இறக்கிடும். அதுக்குப் பேரே ஆன்ட்டி வீலி. அங்கே அவங்க கோடி கோடியாக் கொட்டி ஒழிக்கப் பார்க்கிற ஒண்ணுக்குத்தான் நாங்க இங்கே மூணு டேக் எடுத்தோம்.

ட்ராக்னா சேஃப், ரோடுன்னா டேஞ்சர்னு சுலபமா எழுதிட்டுப் போகலாம். நானும் அப்படித்தான் எழுத நினைச்சேன். ஆனா இதே ட்ராக்கில், 2023 ஆகஸ்டில், பெங்களூருவிலிருந்து வந்த 13 வயசுப் பையன் ஒருத்தன் ரேஸில் விழுந்து இறந்துபோனான். ஆம்புலன்ஸ், டாக்டர், கொடி காட்டுற மார்ஷல்கள், விழுந்தா உருள்றதுக்குக் காலி இடம்... எல்லாம் இருக்கிற இடத்திலேயே. ஒரு வளைவைக் காட்டி, "இந்த மாதிரி ஒரு திருப்பத்துலதான் இருக்கும் இல்ல?"ன்னு மச்சான் கேட்டான். எனக்குத் தெரியலைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ரேஸைப் பார்க்கலை.

ஒரு வித்தியாசம் மட்டும் என் மண்டையில் ஓடிக்கிட்டே இருந்தது. அங்கே ஓட்டுற அத்தனை பேரும் பேப்பரில் கையெழுத்துப் போட்டு, என்ன ஆகலாம்னு தெரிஞ்சுக்கிட்டு உள்ளே வந்தவங்க. இளநீர் தாத்தா எதில் கையெழுத்துப் போட்டார்?

திரும்பும்போது நான் சொல்லாமலே மச்சான் அவுட்டர் ரிங் ரோட்டைக் காட்டினான். புரிஞ்சுடுச்சு. வண்டலூர், கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம். மொத்தப் பயணத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நாங்க எதுவுமே பேசலை.

நடுவில் ஒரு சிக்னலில் நின்னப்போ எனக்கு வேற ஒரு கேஸ் ஞாபகம் வந்தது. 2022ல் அண்ணா சாலையில் வீலிங் பண்ணி மாட்டின ஒரு இளைஞருக்கு உயர் நீதிமன்றம் கொடுத்த நிபந்தனை இது: சிக்னலில் நின்னு விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுக்கணும், மத்த நாளில் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் வேலை பார்க்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவில் ஆபத்தா ஓட்டினதுக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஜெயில்னு இருக்கு. அதையெல்லாம்விட அந்த வார்டு வேலைதான் எனக்கு பயமா இருந்தது. நாங்க ஆஸ்பத்திரியில் தாத்தாவைப் பார்க்க ரெண்டே தடவைதான் போனோம். ரெண்டு தடவையும் அவர் தூங்குறார்னு சொன்னதும், சந்தோஷமாத் திரும்பி வந்தோம்.

கோவளத்தில் தாத்தா அதே இடத்தில் இருந்தார். முன்னே நின்னுக்கிட்டு வெட்டுவார். இப்போ ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக்கிட்டு வெட்டுறார். எங்களைப் பார்த்ததும் அரிவாள் ஒரு செகண்ட் நின்னுச்சு.

"இன்னாப்பா, கை சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு தாத்தா... உங்களுக்கு?"

"மழை வந்தா வலிக்கும். வேற ஒண்ணுமில்ல. வண்டி எங்க?"

"வித்தாச்சு தாத்தா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ரெண்டு இளநீர் சீவிக் கொடுத்தார். குடிச்சு முடிச்சதும் வாங்கிப் பிளந்து, வழுக்கையைச் சுரண்டி நீட்டினார். மச்சான் நூறு ரூபாய் கொடுத்தான். எண்ணி மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெச்சுக்கோங்கன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரலை.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீதானே பின்னால வந்து படம் புடிச்சது? அது கீதா உங்கிட்ட? எம் பேரன் எட்டாவது படிக்கிறான். அத்தக் காட்டு தாத்தா, அத்தக் காட்டுன்னு உயிர எடுக்கிறான். வண்டிய எப்டி தூக்கினாங்கன்னு பாக்கணுமாம்."

ஸ்டூலுக்குப் பின்னால், இளநீர் குவியல் பக்கத்தில், ஒரு சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பையன் நின்னுக்கிட்டிருந்தான். கண்ணெல்லாம் என் பாக்கெட் மேலதான்.

போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இல்லை தாத்தான்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்.

62 சதவீதம் இருந்தது.