இரண்டாம் வயலின் நாற்காலி

இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் வயலின் மட்டும் உங்கள் காதில் தனித்துக் கேட்டால் நீங்கள் அளவுக்கு மீறி வாசிக்கிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரரின் ஒலி எது, உங்களுடையது எது என்று பிரிக்க முடியாமல் போகும்போதுதான் வேலை சரியாக நடக்கிறது. சுங்கை வேயில் என் வீட்டுக்கு மாலையில் வயலின் பெட்டியோடு வருகிறவர்களில் பலர் கர்நாடக சங்கீதத்தில் கை பழகியவர்கள். விரல் சுத்தமாக இருக்கும். ஆனால் தனியாக வாசித்த கை, இருபது முப்பது வில்களோடு சேர்ந்து நகர இன்னொரு பயிற்சி வேண்டும்.

அவர்களுக்கு இளையராஜாவின் ‘திருவாசகம்’ போட்டுக் காட்டுவேன். 2005-இல் வந்தது. லாஸ்லோ கோவாச் நடத்த, ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. பாட்டைக் கேட்காதீர்கள், பாட்டுக்கு அடியில் இருப்பதைக் கேளுங்கள் என்பேன். மாணிக்கவாசகரின் சொற்களுக்குக் கீழே தமிழ் தெரியாத கைகள் மூச்சுப் பிசகாமல் வில் இழுக்கின்றன. இளையராஜா எழுதிய நொட்டேஷனும், அதை எழுதியபடியே வாசிக்கும் ஒழுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது.

அந்த ஒழுக்கம் ஒரு தலைமுறையில் வந்ததல்ல. 1853-இலேயே ஃபெரென்ட்ஸ் எர்கெல் புடாபெஸ்ட் பில்ஹார்மோனிக்கைத் தொடங்கிவிட்டார். ஹங்கேரி வானொலியின் இசைக்குழுவை 1943-இல் எர்னோ டோஹ்னானி அமைத்தார். வெளிநாடுகளில் அதற்குப் புடாபெஸ்ட் சிம்பொனி என்று பெயர். வானொலிக் குழுவின் வேலை கடினமானது. இன்று ஒரு ஸ்கோர், நாளை வேறொன்று. மேடையில் காற்றோடு போய்விடும் பிசிறு, மைக்கின் முன்னால் அப்படியே பதிவாகிவிடும். நம் கோலாலம்பூரிலும் 1961-இல் வானொலிக்கென்று ஓர் இசைக்குழு அல்போன்சோ சோலியானோவின் தலைமையில் உருவானது. என் மாஸ்டர் அந்த மாதிரி ஸ்டூடியோ வேலையில் பழுத்தவர்களிடம் கற்றவர். அவருக்கு ‘பரவாயில்லை’ என்ற சொல்லே கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் பாடம் நடத்திய அறையில் பேச்சு குறைவு. பின்னால் வந்து நின்று, வலது முழங்கைக்கு அடியில் ஒற்றை விரலை வைப்பார். நான்கு கம்பிக்கும் முழங்கைக்கு நான்கு உயரம் உண்டு. கம்பி மாறுமுன் முழங்கை அங்கே போய்விட வேண்டும். பிந்தினால் அந்த விரல் மெல்லத் தூக்கிவிடும். வேகமாகக் கம்பி மாறும் இடத்தில் முழங்கையை நிறுத்திப் பிடித்து மணிக்கட்டை மட்டும் விடுவிப்பார். இன்று நான் பிள்ளைகளுக்கு வைப்பதும் அதே விரல்தான்.

நம் ஊர்க் காற்றையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். மழை ஈரத்தில் பிருடை ஊதி இறுகும். ஏர்கான் அறைக்குள் போனதும் சுருங்கி நழுவும். வில்லின் முடியும் ஈரத்தில் தளர்ந்து, குளிரில் விறைக்கும். ஆகவே ஒத்திகைக்கு அரைமணி முன்னதாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வையுங்கள். நழுவும் பிருடைக்குக் கொஞ்சம் சாக்குப்பொடி தடவுங்கள். வேலை முடிந்ததும் வில்லைத் தளர்த்தி, கம்பியில் படிந்த ரோசினைத் துடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

ஒரு ஸ்டாண்டுக்கு இருவர். உள்பக்கம் இருப்பவர் பக்கம் திருப்புவார். வெளிப்பக்கத்தவர் நிற்காமல் வாசிப்பார். சுரம் இரண்டாகப் பிரியும் இடத்தில் மேலுள்ளதை வெளிப்பக்கத்தவர் எடுப்பார். கீழ்வில், மேல்வில் குறிகளை முன்வரிசைத் தலைவர் முடிவு செய்வார். அவை ஒவ்வொரு ஸ்டாண்டாகப் பின்னால் வரும். மெல்லிய பென்சிலால் எழுதுங்கள், பேனா கூடாது. அந்தத் தாள் உங்களுக்குப் பின் இன்னொருவர் கைக்குப் போகும்.

பின்வரிசையில் உட்காருகிறவர்கள் காதை மட்டும் நம்பக் கூடாது. முன்னிருந்து ஒலி வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும்; அதைக் கேட்டுவிட்டு வாசித்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். முன்வரிசையின் வில் எந்த இடத்தில் கம்பியைத் தொடுகிறது என்று பாருங்கள். அவர்கள் நுனியில் இருந்தால் நீங்களும் நுனியில். குதிரையை விட்டு விரற்பலகைப் பக்கம் தள்ளினால் நீங்களும் தள்ளுங்கள். 1998 ஆகஸ்டில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் டேவான் பில்ஹார்மோனிக் பெட்ரோனாஸில் வாசிக்கத் தொடங்கிய மலேசிய பில்ஹார்மோனிக்கைக் கேட்கப் போனால், கண்டக்டரை விட்டுவிட்டு இரண்டாம் வயலின்களின் வில்களை மட்டும் ஒரு பகுதி முழுக்கப் பாருங்கள். அது ஒரு மாதப் பாடம்.

கமகம் பழகிய விரலுக்கு நிலையாக நிற்பதுதான் பெரிய பாடு. ஒருவர் விரல் சற்றே அசைந்தாலும் வரிசை முழுவதன் சுருதி கலங்கும். இதற்கு பேலா பார்டோக் வழி காட்டினார். அவருடைய ‘ஆர்கெஸ்ட்ராவுக்கான கன்செர்ட்டோ’ 1944-இல் போஸ்டனில் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியில் காற்று வாத்தியங்கள் சோடி சோடியாக வருகின்றன: பசூன்கள் ஆறாம் சுர இடைவெளியில், ஓபோக்கள் மூன்றில், டிரம்பெட்டுகள் ஒட்டி உரசும் இரண்டில். அதையே நான் வயலினுக்குப் பயிற்சியாக வைத்திருக்கிறேன். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தி ஒரே மெட்டை மூன்றாம் இடைவெளியில் வாசிக்கச் சொல்வேன், பிறகு ஆறில், கடைசியாக இரண்டில். பக்கத்துச் சுரம் இழுக்கும். இழுபடாமலும் அதை எதிர்த்து ஓங்கி வாசிக்காமலும் நிற்கப் பழக வேண்டும். அது வந்துவிட்டால் எந்த வரிசையிலும் உட்காரலாம்.

பார்டோக்கின் பெயரால் வழங்கும் பிட்சிகாட்டோவும் கற்றுக்கொள்ளுங்கள். கம்பி விரற்பலகையில் மோதிச் சொடுக்க வேண்டும். புதியவர்கள் பக்கவாட்டில் இழுப்பார்கள், சத்தம் வராது. விரலின் சதைப் பகுதியால் கம்பியை நேர்மேலே தூக்கி விடுங்கள்.

முதல் வயலினில் இடம் காலியானால் போங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் சில வருடமாவது இரண்டாம் வயலினில் உட்கார்ந்து எழுந்து போங்கள். மெட்டு எதன் மேல் நிற்கிறது என்பது அங்கே உட்கார்ந்த கைக்குத்தான் தெரியும். அது தெரிந்தவர் முன்னால் போனாலும் பின்னால் இருப்பவர்களுக்கு இடம் விட்டே வாசிப்பார்.