அரண்மனைத் தரையும் நம் வீட்டுத் தரையும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகராக விளங்கிய இடம் இது. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், அரண்மனையைப் பேணும் பொறுப்பு கேரள அரசிடமே உள்ளது. நாம் அங்குச் சென்றது வேடிக்கை பார்ப்பதற்காக மட்டுமன்று. ஒரு வழக்கைத் தீர்ப்பதற்காகவும்தான்.

நமது பங்கில் ஒரு குடும்பம் புது வீடு கட்டிக்கொண்டிருந்தது. வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன், அங்குள்ள வீடுகளைக் கண்டு வந்து, கூடம், அடுக்களை, படுக்கையறை என எல்லா அறைகளுக்கும் மரத்தளமே வேண்டும் என்றார். பழைய வீட்டின் மச்சுப் பலகைகளை விற்று, அந்தப் பணத்தையும் இதிலே போட எண்ணியிருந்தார். தாயார் நம்மிடம் வந்து கண் கலங்கினார். "சாமி, அந்தப் பலா மரம் அவன் அப்பா கையால வெட்டினது. அதை வித்துட்டு வேற பலகை வாங்கணுமா?" என்றார். யார் பக்கமும் பேசாமல், அவர்களையும் முதிய ஆசாரி ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் காலை புறப்பட்டோம்.

அரண்மனை வாயிலில் காலணியைக் கழற்றியதுமே பாடம் தொடங்கிவிட்டது. கண்ணுக்கு முன்னே கால் பேசுகிறது! மழை நேராக விழும் முற்றத்தில் கருங்கல். மந்திரசாலையில் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை. சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்துச் செய்தது என்பார்கள். தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலா மரத்தில் கடைந்த தூணைக் கண்டு அந்த அம்மையார் நெடுநேரம் நின்றுவிட்டார். மரத்தை அத்தனை தாராளமாகக் கையாண்ட தச்சர்கள்கூட, நீர் விழும் இடத்தில் அதைத் தரையாகப் போடவில்லை.

"மரம் செத்த பிறகும் மூச்சு விடும், சாமி" என்றார் ஆசாரி. ஈரக்காற்றில் பலகை அகலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். ஆண்டுக்கு இரு பருவமழை காணும் நம் மாவட்டத்தில் இதை மறக்கலாகாது. ஆகவே பலகையைச் சில நாள் அந்த அறையிலேயே அடுக்கி வைத்துப் பழக்க வேண்டும். சுவரோரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைச் சட்டத்தால் மறைக்க வேண்டும். வைரம் பாய்ந்த தேக்கும் அயனியும் கரையானை ஓரளவு தாங்கும். அதே மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதி தாங்காது. கடைகளில் மரம்போல் அச்சிட்டு விற்கும் லேமினேட் பலகை, அழுத்திய மரத்தூளின்மேல் ஒட்டிய படமே. நீர் புகுந்தால் உப்பிவிடும், இழைத்துப் புதுப்பிக்கவும் இயலாது. ஒட்டுப்பலகையின்மேல் மெல்லிய அசல் மரம் பதித்தது அதைவிட மேல். முழு மரப்பலகையையோ பலமுறை இழைத்துப் புதிதாக்கலாம்.

ஊர் திரும்பியதும் ஆசாரி ஒரு சோதனை செய்தார். புது வீட்டின் கீழ்த்தளத்துக் கான்கிரீட்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தார். மறுநாள் தாளின் அடியில் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. மாடியில் அப்படிச் செய்தபோது தாள் உலர்ந்தே இருந்தது. எந்த அறிவுரைக்கும் இசையாத மகன் அந்தத் துளிகளைக் கண்டு மௌனமானார்.

பின்னர் அறை அறையாக முடிவாயிற்று. அடுக்களைக்கும் குளியலறைக்கும் வழுக்காத சொரசொரப்பான ஓடு. மழையில் நனைந்த காலோடு மக்கள் நுழையும் கூடத்துக்குக் கல். மூட்டு வலியுள்ள தாயாரின் அறை கீழே இருப்பதால் அங்கும் சொரசொரப்பான ஓடே. எழுந்ததும் கால் வைக்க ஒரு பாய். மாடியிலுள்ள படுக்கையறைக்கு மட்டும் மரம். அதற்குப் புதுப்பலகை எதற்கு? பழைய மச்சைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பூச்சி அரித்தவற்றைக் கழித்து, மீதியை இழைத்தார்கள். இழைக்க இழைக்கக் கரும்பலகையின் உள்ளிருந்து பலாவின் பொன்னிறம் வெளிப்பட்டது. அந்த அறைக்குச் சரியாகப் போதுமாயிருந்தது. விற்க ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டை மந்திரிக்க நாம் சென்ற அன்று, அந்த அம்மையார் தம்மை மாடிக்கு அழைத்துப் போகக் கேட்டார். மகன் தோளைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். உள்ளே சென்றதும் மெல்லக் குனிந்து, உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. மகனும் சற்று நேரம் பேசவில்லை.

வீடு கட்டும் அன்பர்களே, அண்டை வீட்டுத் தரையைப் பார்த்து உங்கள் தரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த அறையில் யார் நடப்பார், எங்கே நீர் சிந்தும், யாருடைய கால் தளரும் என்று முதலில் கேளுங்கள். தரையின் அழகு, அதன்மேல் அச்சமின்றி நடப்பவரின் நிம்மதியில்தான் இருக்கிறது.