கூலியை யார் சொல்கிறார்கள்?

இளங்கலைப் பொருளாதாரத்தில் கூலிக்கு ஒரே வகுப்புதான். கூடுதலாக ஓர் ஆளைச் சேர்த்தால் விளைச்சல் எவ்வளவு கூடுமோ அதுவே அவருடைய கூலி; பெயர், இறுதிநிலை உற்பத்தித்திறன். படம் வரைந்தோம், மதிப்பெண் வாங்கினோம். எங்கள் ஊரில் நாற்று நடுகிற பெண்ணுக்கு வரப்பு வெட்டுகிற ஆணைவிடக் கூலி ஏன் குறைவு, நிலக்காரர் எல்லாரும் ஒரே தொகையை ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் இடமில்லை.

பாடத்திட்டத்துக்கு வெளியே படித்தபோதுதான் இதை வேறு விதமாகக் கேட்டவர்கள் உண்டு என்று தெரிந்தது. ரிக்கார்டோவுக்கும் மார்க்ஸுக்கும் கூலி என்பது விளைந்ததைப் பங்கு போடுகிற விவகாரம். 1960இல் பொருளாதார அறிஞர் பியரோ ஸ்ராஃபா வெளியிட்ட மெல்லிய நூல் அதைக் கணக்காகவே காட்டியது: உற்பத்தி முறை முழுக்கத் தெரிந்தாலும் கூலியும் இலாபமும் தாமாகக் கிடைத்துவிடாது, ஒன்றை வெளியிலிருந்து கொடுத்தால்தான் மற்றது தெரியும். அந்த வெளியில்தான் சங்கமும் சட்டமும் சாதியும் நிற்கின்றன என்று நான் புரிந்துகொண்டேன்.

அதற்கு முன்பே, 1953இல், ஜோன் ராபின்சன் கேட்டிருந்தார்: மூலதனத்தை எந்த அளவையில் அளக்கிறீர்கள்? தறியையும் டிராக்டரையும் கூட்ட விலை வேண்டும். விலைக்கு இலாப விகிதம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கத்தானே மூலதனத்தை அளக்கப் போனோம்? இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜின் பொருளாதார அறிஞர்களுக்கும் அமெரிக்கக் கேம்பிரிட்ஜின் அறிஞர்களுக்கும் நடந்த அந்த வாதத்தில், எதிர்த்தரப்பின் முக்கியமான கருத்து ஒன்று சரியே என்று அமெரிக்கத் தரப்பின் பால் சாமுவேல்சன் 1966இல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பாடநூல்கள் அசையவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது. தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி, வாய்ப்புச் செலவு எல்லாம் கூர்மையான கருவிகள், விட்டுவிடச் சொல்லவில்லை. இப்படி ஒரு வாதம் நடந்ததே மாணவர் காதுக்கு எட்டாமல் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் ஊருக்குப் போய்க் கேட்கிற மரபு சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. 1915இல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், கேள்விப் பட்டியலோடு மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் திரட்டி வந்தது 1918இல் நூலானது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டில், கடனால் தலைமுறை தலைமுறையாக நிலக்காரரிடம் கட்டுண்டு கிடந்த படியாட்கள் அதில் வருகிறார்கள். படியாளின் கூலியை எந்த வளைகோட்டில் வைப்பது?

இப்போது நான் பாடம் எடுக்கையில் கூலிக்கு ஒரு வாரம் ஒதுக்குகிறேன். முதலில் வளைகோடு, பிறகு ரிக்கார்டோவும் ஸ்ராஃபாவும், கடைசியில் ஸ்லேட்டரின் ஊர்கள். விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள், அங்கே கூலியை யார் முடிவு செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதி வர வேண்டும். தேர்வில் வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வர வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். வருகிற வரை எழுதுவேன்.