மாறுவதே நினைவு

ஆஸ்லோவின் பியோர்விகா பகுதியில், ஓபரா மாளிகைக்கு எதிரே கடல்நீரில் மிதக்கிறது இத்தாலியக் கலைஞர் மோனிகா பொன்விச்சினியின் ‘ஷீ லைஸ்’ சிற்பம். எஃகுச் சட்டங்களில் கண்ணாடிப் பலகைகளைச் சாய்த்தும் செருகியும் கட்டிய, ஏறத்தாழ 12 மீட்டர் உயரப் பனிப்பாறை, 2010இல் நிறுவப்பட்டது. அடியில் கான்கிரீட் மிதவை. ஓதமும் காற்றும் தள்ளத் தள்ள, சிற்பம் மெல்லத் திரும்புகிறது. சில பலகைகளில் வானம் விழுகிறது, சில ஊடுருவிக் காட்டுகின்றன. காலையில் பார்த்த முகம் மாலையில் அதே இடத்தில் நின்றாலும் கிடைக்காது. ஒரு சிற்பம் எதையாவது நினைவில் வைத்திருக்க வேண்டுமானால், மாற்றத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

உருகாத கண்ணாடி உருகும் பனியைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கலாம். இந்தச் சிற்பத்துக்கு மூலம், காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1823–24இல் தீட்டிய பனிக்கடல் ஓவியம்: கூரிய பனிப்பாளங்களுக்கு அடியில் நொறுங்கிய கப்பல். ஃபிரீட்ரிக் வடதுருவத்தைப் பார்த்ததே இல்லை. டிரெஸ்டனில் எல்பே ஆற்றில் உடைந்து கிடந்த பனியைத்தான் பார்த்து வரைந்து வைத்திருந்தார். ஆற்றுப் பனி ஓவியமாயிற்று, ஓவியம் கண்ணாடியாயிற்று. பனி என்றோ கரைந்துபோனது. வடிவம் பொருள் மாறி வந்து சேர்ந்திருக்கிறது. உருகாத ஒன்று எதிரே நின்றால்தான் ஒளியும் ஓதமும் மாறுவது கண்ணில் படும்.

மாறியபடியே நினைவைக் காக்கும் இதே வேலையைச் சுடுமண் வேறு வழியில் செய்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவியெடுப்பு விழாவுக்குக் குயவர்களான வேளார்கள் செய்துதரும் சுடுமண் குதிரைகள் அய்யனார் கோயில் வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. காது உதிரும், கால் விரிசல் விடும், பாசி படியும்; பக்கத்தில் புதியதைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உடைய விட்டால் நினைவு எங்கே என்பார்கள். சூளையில் வெந்த மண் மழையில் கரைந்து மறுபடி சேறாவதில்லை. ஓடாக உடைந்து கிடக்கும், நினைவும் அந்த ஓட்டிலேயே இருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சூளைச் சூட்டில் அதுவரை சேர்த்த ஆற்றலை இழந்து, சுற்றுப்புறக் கதிர்வீச்சிலிருந்து புதிதாகச் சேர்க்கத் தொடங்குகின்றன. ஆய்வகத்தில் சூடேற்றினால் அது ஒளியாக வெளிவரும். கடைசியாகச் சுட்ட காலத்தை அதைக்கொண்டு கணிக்கலாம்.

அப்படியானால் அருங்காட்சியகம் வேண்டாமா? வேண்டும். ஹாம்பர்க் கலைக்கூடத்தில் ஃபிரீட்ரிக்கின் ஓவியம் காக்கப்படுகிறது. அப்படி ஒன்று மிஞ்சியதால்தான் ஆஸ்லோவில் இந்தக் கண்ணாடி நிற்கிறது. மீண்டும் செய்ய முடியாததைக் கூரைக்குள் வைப்பதும், வெயில் மழைக்கென்றே செய்ததை வெளியே விடுவதும் ஒரே அக்கறைதான். வேளாரின் குதிரைகளையெல்லாம் பெயர்த்துப் பெட்டிக்குள் பூட்டினால் மண் மிஞ்சும். அடுத்த குதிரையைச் செய்யவேண்டிய தேவை போய்விடும், கூடவே அதைச் செய்யத் தெரிந்த கையும்.