பலிபீடத்திற்குத் தூரமான பந்தி



உபாகமம் 12-ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தைக் குறித்த கட்டளையை நாம் நன்கு அறிவோம். அதை அடுத்து வருகிற, பலியல்லாத இறைச்சியைப் பற்றிய பிரமாணமே சில நாட்களாக என் இருதயத்தில் தங்கியிருக்கிறது.

வனாந்தரத்தில் பாளயத்தின் நடுவே ஆசரிப்புக் கூடாரம் இருந்தது. மாட்டையோ ஆட்டையோ அடிக்கிறவன் அதைக் கூடாரவாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று லேவியராகமம் 17 கட்டளையிடுகிறது. கானானிலோ எல்லை விரியும். கர்த்தருடைய ஸ்தலம் பலருக்குத் தூரமாகும். ஆகையால் அவரவர் தங்கள் ஊரிலேயே அடித்துப் புசிக்க அனுமதி கிடைத்தது. மானின் இறைச்சியைப் புசிப்பதுபோலவே, தீட்டுள்ளவனும் தீட்டில்லாதவனும் அதைப் புசிக்கலாம்.

யூத மரபில் இத்தகைய பொதுவான ஆகாரத்திற்கு 'ஹுல்லின்' என்று பெயர். தல்மூதில் அப்பெயரிலேயே ஒரு பகுதி உண்டு. வனாந்தரத்தில் விலக்கப்பட்டிருந்த இறைச்சி தேசத்தில் அனுமதிக்கப்பட்டது என்றார் ரபி இஸ்மவேல். அப்படியன்று, தேசத்திற்குள் வந்தபின்பே முறைப்படி அறுப்பது கடமையாயிற்று என்றார் ரபி அகிபா. ஒருவர் அங்கே சலுகையைக் கண்டார்; மற்றவர் பொறுப்பைக் கண்டார்.

ஆனாலும் ஒரு விலக்கு எங்கும் மாறவில்லை. இரத்தத்தைப் புசிக்கலாகாது, அதைத் தண்ணீரைப்போலத் தரையில் ஊற்றிவிட வேண்டும். இரத்தமே உயிர்; உயிரோ தேவனுடையது. இன்றும் இதைக் கைக்கொள்ளும் யூத இல்லங்களில், இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒருமணி நேரம் உப்பிலிட்டு, கழுவிய பின்னரே சமைக்கிறார்கள். எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் இரத்தத்திற்கு விலகியிருக்கும்படி புறஜாதி விசுவாசிகளுக்கு எழுதினதை அப்போஸ்தலர் 15-இல் காண்கிறோம்.

சிந்தித்துப் பாருங்கள். அந்த முற்றத்தில் ஆசாரியன் இல்லை, பலிபீடம் இல்லை. பசியோடு காத்திருக்கும் பிள்ளைகள் மட்டுமே உண்டு. அங்கே ஒருவன் இரத்தத்தை மண்ணில் ஊற்றுகிறான் என்றால், அது யாருக்காக? தான் அடித்த ஆட்டின் உயிர் தன்னுடையதல்ல என்று, காண்பார் எவருமில்லாத இடத்தில் அவன் அறிக்கை செய்கிறான்.

ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஆலயவாசலில் உங்களை வழியனுப்பும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. அடுத்த ஆறு நாட்களும் நீங்கள் இருக்கும் இடங்களில் போதகர் இல்லை, பீடம் இல்லை. அடுக்களையும், கடையும், அலுவலகக் கணக்கும் உண்டு. அவை பலியல்ல, ஆயினும் தேவனுக்குப் புறம்பானவையும் அல்ல. உங்கள் கைக்குள் வந்தவற்றில் எது உங்களுடையதல்ல என்று இவ்வாரம் கர்த்தரிடம் கேளுங்கள். அதை அவருக்கென்று விட்டுவிட அவரே உங்களுக்குப் பெலன் தருவாராக. ஆமென்.