மயில்துத்தம்

சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தண்டவாளத்தைத் தாண்டினால் அண்ணாமலை நகர். 1929இல் பல்கலைக்கழகம் வந்ததால் உண்டான ஊர். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமையன்று அங்கே ஒரு நூலகர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். பெயர் மட்டும் போடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

அவர் மேசைமேல் பழமரங்களைப் பற்றிய பழைய பாடநூல் ஒன்று அட்டை கழன்று கிடந்தது. அறுந்த தையலைப் பிரித்து, பாரம் பாரமாக அடுக்கி, குத்தூசியால் பழைய துளைகளிலேயே மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். புதுத் துளை போட்டால் தாள் அங்கேயே கிழியும் என்றார். பக்கத்துக் கிண்ணத்தில் மைதாப் பசை. வெள்ளையாக இல்லை, அதில் இலேசாக நீலம் ஓடியிருந்தது.

"மயில்துத்தம் தம்பி. பசை காய்ச்சறப்ப ஒரு சிட்டிகை போட்டாத்தான் பூச்சி அண்டாது. வெறும் மைதான்னா கரப்பானுக்கு நாமளே சோறு வச்ச மாதிரி. ஆனா விஷம். கையைக் கழுவாம டீ டம்ளரைத் தொடக்கூடாது."

ஐப்பசி பிறந்தால் வடகிழக்கு மழை. கடல் தொலைவில் இல்லாத ஊர் என்பதால் காற்றிலேயே ஈரம் ஊறியிருக்கும். அதற்குள் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்ற வேண்டும், சுவரை ஒட்டிய அலமாரியை ஒரு சாண் நகர்த்த வேண்டும், தளர்ந்த கட்டுகளை இறுக்க வேண்டும். பக்கங்களை வட்ட வட்டமாகத் துளைத்துப் போகும் பூச்சியை நம்மவர்கள் இராமபாணம் என்றார்கள். ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்தே இருக்கும் பகை. இழுப்பறையில் துணியில் முடிந்த வசம்பு வைத்திருந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவர் வந்தார். கையில் புத்தகப் பெயர் இல்லை, ஓர் எலுமிச்சை இலை இருந்தது. தடித்த பழுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம். அம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொறிநோய் மாதிரி இருக்கு. 632இல மூணாவது தட்டு. படத்தோட ஒத்துப் பார்த்துட்டு உங்க சாரைக் கேளு. ஈர இலையைப் பக்கத்து மேல வைக்காத," என்றார். டியூயி வகைப்பாட்டில் 632 பயிர் நோயும் பூச்சியும், 634 பழமரம், 635 காய்கறி, அதிலே 635.9 பூச்செடிகள். மழை தொடங்கினால் 632 தட்டு காலியாகிவிடும், தை பிறந்ததும் பூச்செடிப் புத்தகங்கள் நகரும், சித்திரையில் மாவும் பலாவும் கேட்டு வருவார்கள் என்றார். இலையைப் பார்த்துவிட்டுத் தட்டைச் சொல்கிற ஆளின் இடத்தை எந்தக் கணினிப் பட்டியலும் நிரப்பாது என்றே நான் நம்புகிறேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் தமது கோலன் வகைப்பாட்டில் வேளாண்மைக்கு 'ஜே' என்ற எழுத்தைக் கொடுத்தார். "நம்ம பக்கத்து ஊர்க்காரர் போட்ட எழுத்து," என்று அம்மா சொன்னபோது முகம் மலர்ந்தது.

மதியம் அவர் வீட்டுக் கொல்லைக்குப் போனோம். களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் நீரை விடாது. அதனால் மணலும் மக்கிய எருவும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டு, சுற்றிலும் வடிகால் வெட்டியிருந்தார். ஆடிப் பதினெட்டில் விதைத்த கத்தரி முழங்கால் உயரம் நின்றது. அசுவினியைத் தாங்கும் 'அண்ணாமலை' ரகம், இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. தலை துவண்ட குருத்து ஒன்றைக் கிள்ளிப் பிளந்து காட்டினார்; உள்ளே இளஞ்சிவப்புப் புழு. அதுவும் துளைக்கிற சாதிதான். மருந்தடிப்பதற்கு முன் கிள்ளி அழிப்பதே நல்லது என்பது அவர் கட்சி.

ஆடிப் பதினெட்டு என்றதும் எனக்கு உ.வே.சா. நினைவு வந்தது. பழைய சுவடிகளை அந்த நாளில் ஆற்றில் விட்ட கொடுமையை அவர் வருந்தி எழுதியிருக்கிறார். 1924 முதல் 1927 வரை இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராகவும் இருந்தார். அவர் மனம் நொந்த அதே நாளில் இந்த அம்மா விதை போடுகிறார். பழுத்து மஞ்சளான காயைப் பிசைந்து, நீரில் மிதப்பதைத் தள்ளி, மூழ்கியதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்திய விதை. கணினி வந்தபின் ஒதுக்கிய பட்டியல் அட்டைகளின் பின்புறத்தில் ரகம், எடுத்த மாதம், பதிவு எண் எழுதி, அட்டையின் அடித்துளையில் நூல் கோத்து விதைப் பொட்டலத்தோடு கட்டியிருந்தார்.

எலுமிச்சை மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை. மழைக்கு முந்திய போர்டோ கலவை. 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்பது கணக்கு. அவருக்குத் தேவை 10 லிட்டர், இரண்டிலும் 100 கிராம். தனித்தனியே கரைத்து, பிறகு சேர்த்தார். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை முக்கி எடுத்தார். செம்பழுப்பு படிந்தால் துத்தம் மிகுதி, இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இலை கருகிவிடும். கத்தி சுத்தமாகவே வந்தது. பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைக்காரர்கள் வழிப்போக்கர் பறிக்காமலிருக்கத் துத்தத்தைப் பூச, பூசிய கொடி மட்டும் நோயில்லாமல் நின்றதாம். அதைக் கவனித்த மில்லார்டே 1885இல் கலவையை வெளியிட்டார். அந்தக் கதையை 632 தட்டில் படித்ததாகச் சொல்லிக்கொண்டே தெளிப்பானை முதுகில் மாட்டினார்.

மாலையில் நூலகம் திரும்பியபோது, தைத்த புத்தகம் காலிகோ முதுகோடு இரண்டு செங்கல்லுக்கு அடியில் இருந்தது. திறந்து பார்க்கக் கை நீட்டினேன்.

"பசை இழுக்கணும் தம்பி. திங்கட்கிழமைதான்."