மூன்று பேரின் எலும்புகள்



பள்ளி விடுமுறையில் கோவாவுக்குச் செல்ல உங்களில் சில குடும்பங்கள் ஆயத்தமாகி வருவதை அறிவேன். கடற்கரைகளைக் குறித்து நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் சொல்லாவிட்டாலும் அங்கே போவீர்கள். ஒரு நாளைப் பழைய கோவாவுக்கு ஒதுக்குங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். பஞ்சிமிலிருந்து மாண்டவி ஆற்றையொட்டிக் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 1510இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றி, தங்கள் கீழ்த்திசை ஆட்சிக்குத் தலைநகராக்கிய ஊர் அது. கொள்ளைநோய்களுக்கு அஞ்சி மக்கள் விலகிப்போயினர்; வீடுகள் அழிந்து, ஆலயங்களே எஞ்சி நிற்கின்றன. பொன்முலாம் பூசிய பலிபீடங்களை வழிகாட்டிகள் உங்களுக்குக் காட்டுவார்கள். அவற்றைப் பாருங்கள். அத்துடன் மூன்று பேருடைய எலும்புகளையும் நினைத்துப் பாருங்கள்.

முதலாமவர் பிரான்சிஸ் சவேரியார். 1605இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பொம் இயேசு ஆலயத்தில், உயர்ந்த மேடையின்மேல், வெள்ளிப் பேழைக்குள் அவருடைய உடல் இருக்கிறது. 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் மரித்தவரின் உடல் 1554இல் இங்கே வந்துசேர்ந்தது. நமக்கு அவர் அந்நியர் அல்லர். முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம்பண்ணி, கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போதித்தவர். புனிதர்களின் உடல்களை வணங்கும் வழக்கம் நம் சபையில் இல்லை. ஆயினும் அந்த உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். அதே மனிதர்தாம், கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546இல் போர்த்துக்கல் மன்னருக்குக் கடிதம் எழுதினார். அவர் கேட்டது அவருடைய மரணத்துக்குப் பின், 1560இல் வந்தது. இடையில் சில ஆண்டுகள் தவிர, 1812 வரை நீடித்தது.

அங்கிருந்து சிறிது மேடேறினால் புனித அகுஸ்தீனார் மடத்தின் இடிபாடுகள். 46 மீட்டர் உயரமான மணிக்கூண்டின் பாதி மட்டும், பிளந்த மரம்போல் நிற்கிறது. துறவற மடங்கள் கலைக்கப்பட்டபோது 1835இல் கைவிடப்பட்ட இடம் இது. 1842இல் ஆலயத்தின் கூரை சரிந்தது. பழைய கோவாவில் என் மனதை அதிகம் நிறுத்திய இடம் இதுவே. ஜார்ஜிய நாட்டு அரசியாகிய கெட்டேவான், தன் விசுவாசத்தை விட்டுவிட மறுத்தமையால், பாரசீக மன்னன் ஷா அப்பாசின் ஆணைப்படி 1624இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். அகுஸ்தீன் சபைத் துறவிகள் அவளுடைய எலும்புகளில் சிலவற்றை எடுத்துவந்து இங்கே அடக்கம்பண்ணினார்கள். நம் நாட்டுத் தொல்லியல் துறையினர் இடிபாடுகளில் தேடிக் கண்டெடுத்த எலும்பு அவளுடையதாக இருக்கலாம் என்பதற்கு மரபணுச் சோதனையும் ஆதரவளித்தது. 2021இல் அதன் ஒரு பகுதியை இந்தியா ஜார்ஜியாவுக்குக் கையளித்தது.

மூன்றாமவருக்குக் கல்லறை இல்லை. கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவர் 1534இல் கோவாவுக்கு வந்தார். இந்நாட்டு மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் பற்றி அவர் எழுதிய நூல் 1563இல் கோவாவிலேயே அச்சாயிற்று. அவருடைய பெற்றோர் யூதர்கள். போர்த்துக்கலில் வற்புறுத்தி ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 1568இல் அவர் மரித்தார். மறைவில் யூத நெறியைக் கைக்கொண்டதாகக் குற்றம் சாட்டி, அடுத்த ஆண்டே அவருடைய சகோதரியை எரித்தார்கள். 1580இல் அவருடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

கெட்டேவானைக் கொன்றவன் அவளிடம் கேட்டது என்ன? மனச்சாட்சியை மாற்றிக்கொள் என்பதே. அதற்கு இணங்காமல் மரித்தவளின் எலும்புகளை இரத்தசாட்சியின் எலும்புகள் என்று கோவா ஏற்றுக்கொண்டது. அந்நாளிலும் அதே ஊரில், கொஞ்ச தூரத்தில், விசாரணை மன்றம் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒருங்கே பார்க்க அக்காலத்தவருக்குக் கண் இருந்ததா?

விசாரணை மன்றம் இருந்த மாளிகை பெரிய கதீட்ரலின் அருகே இருந்தது. இன்று அதன் சுவடே இல்லை. அங்கே நின்றுகொண்டு, “அது கத்தோலிக்கர் செய்தது, நமக்கென்ன?” என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். தயவுசெய்து அவ்வளவு எளிதாகத் தப்பித்துக்கொள்ளாதீர்கள். தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டிச் சிங்காரித்து, பிதாக்களின் நாட்களில் நாங்கள் இருந்திருந்தால் அவர்களோடு சேர்ந்திருக்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டவர்களைக் குறித்து நம் ஆண்டவர் பேசியதை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். தானியேலின் ஜெபத்தையும் வாசியுங்கள், 9ஆம் அதிகாரம். எருசலேமின் பாவங்கள் பெருகிய நாட்களில் பொறுப்பில் இருந்தவன் அல்லன் அவன். இளைஞனாகச் சிறைப்பட்டுப் போனவன். ஆயினும் அந்த ஜெபம் முழுவதிலும் “அவர்கள்” என்று ஒதுங்கி நிற்காமல் “நாங்கள்” என்றே அறிக்கையிடுகிறான். கிறிஸ்துவின் நாமம் தரித்தவர்கள் கிறிஸ்துவின் நாமத்தினாலே செய்த காரியம் இது. ஓர்த்தாவின் இனத்தார் அதை எந்தச் சபைப் பிரிவின் கணக்கில் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

உங்கள் வீட்டிலும் ஒரு சின்ன விசாரணை மன்றம் நடக்கக்கூடும். கேள்வி கேட்கத் தொடங்கிய பதினாறு வயது மகனை அதட்டி ஆராதனைக்குக் கொண்டுவருகிற தகப்பன்மார் என்னிடம் வருவதுண்டு. அவர்களிடம் நீண்ட பிரசங்கம் செய்வதில்லை. அவனோடு பேசினீர்களா என்று மட்டும் கேட்பேன்.

மாலையில் பஞ்சிம் திரும்பியதும், மேட்டின்மேல் வெண்ணிறமாய் நிற்கும் அமலோற்பவ மாதா ஆலயத்தின் அடிவாரச் சதுக்கத்தில் ஒரு பூங்காவைக் காண்பீர்கள். அதற்குக் கார்சியா த ஓர்த்தாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, நிழலில் உட்கார்ந்து, அவர் யார் என்றும் அவருக்கு என்ன செய்தார்கள் என்றும் சொல்லுங்கள். யார் செய்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதையும் சொல்லுங்கள்.